மகள் கண்ணில் பாதி மிளகளவு கட்டி: ஐந்து வருஷ அனுபவம்

2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவில் என் மகள் பிறந்தாள். கணவர் குவைத்தில் மாட்டிக்கொண்டார், விமானம் இல்லை. கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன். துணைக்கு ஒரு ஆளுக்கு மேல் விடவில்லை என்பதால் அம்மா மட்டும் கூட இருந்தாள். முதல் இரண்டு நாள் பிள்ளை கண்ணையே சரியாகத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பால் குடித்துவிட்டு நன்றாக விழித்தாள். வலது கண்ணில், கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற ஓரத்தில், காதுப் பக்கமாகக் கீழே, பாதி மிளகைச் சந்தன நிறத்தில் செய்து ஒட்டிவைத்த மாதிரி ஒரு மேடு. அம்மா செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, கண்ணுல பூ விழுந்திருக்கு?" என்றாள். தையல் வலிகூட எனக்கு மறந்துபோனது.

குழந்தை மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்தபோது அரை நிமிஷம் பார்த்தார். "பிறவியிலேயே வர்ற கட்டிம்மா, மச்சம் மாதிரி. ஆபத்து ஒண்ணும் இல்ல. ஸ்கூல் போற வயசுல எடுத்துக்கலாம்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆபத்தில்லை என்று அவர் சொன்னது உயிருக்கு. நான் அதைப் பார்வைக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். வலது காதுக்கு முன்னால் அரிசியளவு ஒரு மரு தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. "நூல் கட்டி விட்டா தானா விழுந்திரும்" என்றார் ஒரு செவிலியர். டிஸ்சார்ஜ் சம்மரியில் கண்ணைப் பற்றியும் ஒரு வரி இல்லை, மருவைப் பற்றியும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதாவது இருந்தால், வீட்டுக்குக் கிளம்புமுன் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்தக் கண், எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்க வேண்டும். கூடவே ஸ்கேலை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "வளர்ந்திருக்கா?" என்று பின்னால் ஒவ்வொரு மருத்துவரும் கேட்டபோது என்னிடம் பதிலே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் ஆரம்பித்தது. ஆச்சி சொன்னார் என்று பத்து நாள் தாய்ப்பாலைக் கண்ணில் விட்டேன். பதினோராவது நாள் இமை ஒட்டிப் பீளை தள்ளியது. அதற்குத் தனியாகச் சொட்டு மருந்து, தனியாக அலைச்சல். அப்புறம் பூவைக் கரைக்கும் என்று யாரோ கொண்டுவந்து கொடுத்த இலைச்சாற்றுக்கு 2,200 ரூபாய். நல்லவேளை, அதைத் திறந்ததும் அடித்த வாடையிலேயே பயந்து ஊற்றவில்லை. பணம் போனதோடு சரி. இது வெளியிலிருந்து விழுந்த பூ இல்லை, கரைவதற்கு. வயிற்றில் கண் உருவாகும்போது, தோலாக வேண்டிய திசு கொஞ்சம் இடம் தவறிக் கண்ணின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. அதனால் கட்டிக்குள் தோல், கொழுப்பு, எண்ணெய்ச் சுரப்பி, முடிவேர் எல்லாம் இருக்கும். லிம்பல் டெர்மாய்டு என்று பெயர். புற்றுநோய் கிடையாது. எந்தச் சொட்டு மருந்தாலும் அது போகாது. இந்த நாலு வரியைச் சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இல்லை.

பணம் போனதைவிட என்னை அறுத்தது வேறு. 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்ததல்லவா, அப்போது எனக்கு நாலு மாதம் தாண்டியிருந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுக்க வாசலுக்கு வந்தேன் என்று எதிர்வீட்டு மதினி ஞாபகம் வைத்திருந்தார். தெரு முழுக்க அதே பேச்சு. என் மாமியார் நேராகக் கேட்கவில்லை, ஆனால் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். நானே நம்பிவிட்டேன். ராத்திரி பால் கொடுக்கும்போது அந்தக் கண்ணைப் பார்த்து அழுவேன். இரண்டரை வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணின் உருவம் கர்ப்பத்தின் முதல் இரண்டு மூன்று மாதத்திலேயே அமைந்துவிடும், கிரகணம் வந்தபோது கட்டி ஏற்கெனவே அங்கே இருந்திருக்கும் என்றார். நான் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததில்லை என்றும் சொன்னார். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே அவருக்கு நான் கடன்பட்டவள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், குளிப்பாட்டும்போது கண்ணில் இமைமுடி விழுந்திருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் எடுக்கப் போனேன். வரவில்லை. நகத்தால் பிடித்து இழுத்தேன். பிள்ளை வீறிட்டாள். அது விழுந்த முடி இல்லை, கட்டியிலிருந்து முளைத்த முடி. இரண்டு, மெல்லிசாக, வெயிலில் பிடித்தால்தான் தெரியும். கண்ணுக்குள் முடி முளைக்கும் என்று யார் நினைப்பார்கள்? நான் அன்றைக்கு உறைந்துபோய்க் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தோல் இருக்கும் இடத்தில் முடியும் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் பிடுங்கவே கூடாது. கண்ணை உறுத்திச் சிவந்தால் கண் மருத்துவர் எடுத்துவிடுவார்; அது திரும்பவும் முளைக்கும்.

அதற்குப் பிறகுதான் இணையத்தில் தேடினேன். முதல் பத்துப் படமும் புற்றுநோய்ப் படங்கள். மூன்று நாள் தூங்கவில்லை. உள்ளூர் கண் மருத்துவர் ஒருவரிடம் போனபோது, டார்ச் அடித்துப் பார்த்து "பெரிசானா பார்க்கலாம்" என்றார். அது போதவில்லை எனக்கு. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து ஸ்கேன், வண்டி வாடகையோடு 14,000 ரூபாய். மூளையிலும் கண்குழியிலும் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. லிம்பல் டெர்மாய்டு என்ற பெயரை முதலில் பார்த்ததும் அந்தத் தாளில்தான். கட்டி பெரிதாக இருந்தாலோ கண்குழிக்குள் போகிறது என்று சந்தேகம் வந்தாலோ அப்படி ஸ்கேன் தேவைப்படலாம். கருவிழி ஓரத்தில் நாலு மில்லிமீட்டர் இருக்கிற கட்டிக்கு, கண் மருத்துவர்கள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஸ்லிட் லேம்ப் கருவியின் வெளிச்சமே போதும் என்று பிறகு கேள்விப்பட்டேன். "இந்த ஸ்கேன்ல என்ன வந்தா வைத்தியம் மாறும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பயத்தில் இருக்கிறவளுக்கு அந்தக் கேள்வி வாயில் வராது.

அறிக்கை கையில் வந்ததும் நிம்மதியாகிவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அடுத்த ஒன்றரை வருஷம் கட்டி வளர்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வளரவில்லை. சந்தோஷம். 2022 செப்டம்பரில் கண்ணாமூச்சி விளையாடும்போது அவளுடைய இடது கண்ணை, அதாவது நல்ல கண்ணை, என் உள்ளங்கையால் பொத்தினேன். கையைத் தட்டிவிட்டுச் சிணுங்கினாள். வலது கண்ணைப் பொத்தினால் சிரித்துக்கொண்டே இருந்தாள். விளையாட்டு என்று நினைத்து மறுபடி பொத்தினேன். மறுபடி அழுகை. நாலாவது தடவை எனக்குக் கை நடுங்கியது. வலது கண்ணால் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மறுவாரம் பஸ் பிடித்து மதுரையில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குப் போனோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இரவு ஒன்பதுக்குத் திரும்பினோம். பிள்ளைக்குப் பேச வராத வயதில் பவர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தேகம். பிள்ளை எழுத்தெல்லாம் படிக்க வேண்டியதில்லை. கண்மணி விரிய மருந்து போட்டு, கருவியால் கண்ணுக்குள் வெளிச்சத்தை ஆட்டி, முன்னால் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பிடித்தே பவரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆறு மாதக் கைக்குழந்தைக்கும் இதைச் செய்ய முடியும். எங்களுக்கு மூன்று நாள் வீட்டில் அட்ரோபின் களிம்பு போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள், அதனால் இரண்டு நடை. அதைப் போட்டால் பத்து நாள்வரை வெளிச்சம் கூசும், ஒரு தொப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். முடிவு வந்தது: இடது கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வருகிற பவர், 0.75. வலது கண்ணில் 4.50.

டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டினார். கட்டி கருவிழியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது. உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் சப்பையாகிவிடுகிறது. அதனால் அந்தக் கண்ணில் உருவம் எப்போதும் கலங்கலாக விழும். கலங்கலான படத்தை மூளை கொஞ்ச நாளில் ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்ப ஆரம்பித்துவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது அதைத்தான். அப்புறம் கட்டியை எடுத்தாலும் கண்ணாடி போட்டாலும் தானாகச் சரியாகாது, மூளைக்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். ஏழு எட்டு வயதுக்கு முன்னால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. "ஆறு மாசத்துலயே ஒரு தடவை பவர் பார்த்திருக்கலாமே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் நாலு மாதம் கட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கெடுதல் பண்ணிக்கொண்டிருந்தது அதன் பின்னால் இருந்த பவர். கட்டி சின்னதா பெரியதா, எப்போது எடுப்பது என்பதெல்லாம் அடுத்த பேச்சு. கருவிழி ஓரத்தில் கட்டி இருந்தால் முதல் வருஷத்துக்குள்ளேயே குழந்தைகள் கண் மருத்துவரிடம் மருந்து போட்டுப் பவர் பார்த்துவிடுங்கள். பிறகு அவர் சொல்கிற இடைவெளியில் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

அன்றைக்கு அவர் கண்ணைப் பார்த்த கையோடு காதைத்தான் பார்த்தார். முன்னால் இருந்த மருவைத் தொட்டு, "இதை யாராவது காட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டார். கண் ஓரத்தில் டெர்மாய்டும் காதுக்கு முன்னால் மருவும் சேர்ந்து இருந்தால் கோல்டன்ஹார் என்ற பிறவிப் பிரச்சினை இருக்க வாய்ப்புண்டாம். மாரிஸ் கோல்டன்ஹார் என்ற மருத்துவர் 1952இல் எழுதியது. அதில் காது கேட்பது, கழுத்தெலும்பு, தாடை, சிலருக்கு இதயம், சிறுநீரகம்கூடப் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதனால் காது கேட்கும் சோதனை, முதுகெலும்பு எக்ஸ்ரே, இதய எக்கோ, வயிற்று ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார். இதில் எனக்கு ஒரு நல்ல விஷயம் தெரியவந்தது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்றால் சொல்லிவிடுவார்கள். 2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தின் கீழ் வருவது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வருகிற குழுவும் அதே திட்டத்துடையதுதான். எங்களுக்குக் காது சோதனையும் எக்கோவும் ஒரு ரூபாய் செலவில்லாமல் அங்கேயே முடிந்தன. எல்லாம் சரியாக இருந்தது. நூல் கட்டாமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று. மரு விழுந்திருந்தால் அந்தத் துப்பே கிடைத்திருக்காது.

மதுரையில் காத்திருக்கும் கூடத்தில் மற்ற தாய்மார்களோடு பேசிப் பேசியே நிறையக் கற்றுக்கொண்டேன். கண்ணைச் சுற்றி வருகிற கட்டி எல்லாம் ஒன்றில்லை. ஒரு பையனுக்குப் புருவத்தின் வால்முனையில், தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி. அதுவும் டெர்மாய்டு வகைதானாம், ஆனால் நீர்க்கட்டி மாதிரி உறைக்குள் இருப்பது. உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். ஒரு கைக்குழந்தைக்கு மேல்இமையில் ரத்தச் சிவப்பில் ஸ்ட்ராபெரி மாதிரி வீங்கியிருந்தது. அது ரத்தநாளக் கட்டி, பிறந்த சில வாரத்தில் வேகமாக வளரும். அதற்கு ப்ரொப்ரனலால் என்ற வாய்வழி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இமை தொங்கிக் கண்ணை மறைத்தால் அங்கேயும் சோம்பேறிக் கண் வந்துவிடும் என்று அவசரம். இவையெல்லாம் ஒரு பக்கம். போட்டோவில் ஃபிளாஷ் படும்போது கண்மணியே வெள்ளையாக மின்னினால் அது வேறு கதை. கண்ணுக்குள் வரும் புற்றுக்கட்டியோ கண்புரையோ இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் ஓட வேண்டும்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டுவதைவிட ஆட்டுக்குட்டிக்குச் சட்டை போடுவது சுலபம். முதல் பிரேம் 11 நாள் இருந்தது. ஒரே வருஷத்தில் ஐந்து பிரேம். பின்னந்தலையோடு கட்டுகிற எலாஸ்டிக் வார் உள்ள, உலோகம் இல்லாத வளையும் பிரேம் வாங்குங்கள், பணத்தை அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். கண்ணாடியோடு தினம் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மறைத்து ஒரு பேட்ச் ஒட்ட வேண்டும். முதல் வாரம் ஒட்டியதைப் பிய்த்துப் பிய்த்துக் கன்னம் புண்ணாகிவிட்டது. டி.வி. போட்டுவிட்டு ஒட்டினால் சும்மா இருந்தாள், ஆனால் கையால் செய்கிற நுணுக்கமான வேலை கொடுத்தால் இன்னும் நல்லது என்றார்கள். பாசிமணி கோர்த்தோம், துவரம்பருப்பையும் உளுந்தையும் கலந்துபோட்டுப் பிரித்தோம், கோலப்புள்ளி வைத்தோம். பொம்மைக்கும் ஒரு பேட்ச் ஒட்டியதும்தான் வழிக்கு வந்தாள். தெருவில் ஒரு கிழவி, "நல்ல கண்ணை மூடிட்டு நொள்ளைக் கண்ணைத் திறந்து வச்சிருக்கா, கூறு கெட்டவ" என்றார். மதுரையில் வரைந்து காட்டிய தாளை எடுத்துப்போய் அவருக்கு நானும் வரைந்து காட்டினேன். அப்புறம் அவரே "ஏட்டி, பேட்ச் ஒட்டுனியா?" என்று சாயங்காலம் கேட்டுவிட்டுப் போவார்.

அறுவை சிகிச்சை 2024 மே மாதம், நாலு வயதில். எதிர்பார்ப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தார்கள், அது நல்லது. கட்டி போகும், அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு நிற்கும். சிலிண்டர் பவர் குறையலாம், குறையாமலும் போகலாம். கண்ணாடியும் பேட்ச்சும் தொடரும். அப்படியென்றால் எதற்கு என்று கேட்டேன். முடி உறுத்திக் கண் அடிக்கடி சிவந்தது, கட்டியின் கொழுப்பு பக்கத்துக் கருவிழிக்கும் படர ஆரம்பித்திருந்தது, பள்ளியில் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்றும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். முதல் தேதியில் சளி என்று மயக்க மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். கார் வாடகை, தங்கும் அறை என்று 6,500 ரூபாய் வீண். முந்தின நாளே மூக்கு ஒழுகியது, போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டாம் முறை நடந்தது. கட்டியைக் கருவிழி மட்டத்துக்குச் சீவி எடுத்து, பதப்படுத்திய பனிக்குடச் சவ்வை அங்கே ஒட்டினார்கள். ஆழமாக இருந்தால் தானமாக வந்த கருவிழியில் ஒரு அடுக்கை வைத்துத் தைப்பார்களாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி, தோலும் முடிவேரும் கொழுப்பும்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பில் 42,000. கணவர் குவைத்திலிருந்தே வருஷா வருஷம் பிரீமியம் கட்டிய குடும்ப பாலிசி இருந்தது. கிளெய்ம் நிராகரிப்பு. உடலுக்குள் மறைந்திருக்கும் பிறவிக் குறைபாடு வேறு, வெளியே கண்ணுக்குத் தெரிகிற பிறவிக் குறைபாடு வேறு. இரண்டாவதை எங்கள் பாலிசி ஏற்காது என்று பொடி எழுத்தில் இருந்தது. பாலிசி எடுத்துக் கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை. பாலிசி புத்தகத்தில் "வெளிப்புறப் பிறவிக் குறைபாடு" என்ற இடத்தை அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே படியுங்கள், எல்லாப் பாலிசியிலும் ஒரே மாதிரி இல்லை. ஏற்கிற பாலிசி என்றால், இது அழகுக்காகச் செய்ததில்லை, பார்வைக்காகச் செய்தது என்று மருத்துவரிடம் காரணத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குப் புகார் எழுதியும் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். எங்கள் பாலிசியில் விதியே தெளிவாக இருந்ததால் நான் அங்கே போகவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் மருத்துவமனையிலேயே அந்தத் திட்டத்தின் மேசையில் முதலில் விசாரியுங்கள். ஐந்து வருஷக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 1,28,000 ரூபாய். இலைச்சாறு, எம்.ஆர்.ஐ., திரும்பி வந்த அந்த நடை எல்லாம் சேர்த்து 22,700 தேவையே இல்லாத செலவு. இழந்த இரண்டு வருஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது ஒன்றாம் வகுப்பு. வலது கண்ணின் பார்வை முதலில் 6/36, இப்போது 6/12; 6/6 என்றால் முழுப் பார்வை. சிலிண்டர் 3.75ஆக நிற்கிறது. தழும்பு உற்றுப் பார்த்தால் தெரியும். பேட்ச் ஒரு மணி நேரமாகக் குறைந்திருக்கிறது, அடுத்த பரிசோதனை பொங்கல் கழித்து. போன வாரம் பள்ளிவிட்டு வந்ததும், "அம்மா, நான் பாப்பாவா இருக்கும்போது என் கண்ணுல முடி முளைச்சுச்சாமே, ஆச்சி சொன்னா" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு ஒரே பெருமை. மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த முடியை நகத்தால் பிடித்து இழுத்தது யார் என்று ஆச்சி இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.